இருபது நொடி

தெற்கிலிருந்து வருவதைத்
தென்றல் என்று அழைக்க
வெலிங்டனில் யாருக்கும் வாய் வராது.
பனிக்கண்டத்தைத் தொட்டுவிட்டு
ஈரக்கையோடு வரும் காற்று அது.
மலைச்சரிவில் கால் ஊன்றி நிற்கும் மரவீட்டை
பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல்
பிடித்து ஆட்டிப் பார்க்கும்.

அந்த வீட்டின் பின்னறையில்
வின்னி தூங்குகிறாள். பதினொரு வாரம்.
மெத்தைக்கு அடியில் ஒரு தட்டு,
சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிது,
அவள் மார்பு எழுவதையும் தாழ்வதையும்
கம்பி வழியே சொல்லிக்கொண்டிருக்கிறது.
அசைவுக்கு ஒரு பச்சைச் சிமிட்டல்.
இருபது நொடி அசைவில்லை என்றால்
அலறும்.

நைரி அதைக் கடையில் வாங்கவில்லை.
தெருக்கோடி வீட்டின் கராஜ் விற்பனையில்
பதினைந்து டாலர்.
பெட்டியை நீட்டிய பெண்
"எங்களுக்கு ஒருமுறைகூட அலறவில்லை" என்றாள்.
இதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்வதா
பழுது என்று எடுத்துக்கொள்வதா
என்று கேட்டான் லாக்லன்.
அன்று முழுக்க நைரி அவனோடு பேசவில்லை.

முதல் வாரம் இருவரும்
குழந்தையைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தார்கள்.
கண்ணை மூடினாலும் இமைக்குள் பச்சை.
இருபது நொடி எவ்வளவு நீளம் என்று
அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று.
ஒரு சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிடலாம்.
ஒரு பொய் சொல்லி
அதை நம்பவும் வைத்துவிடலாம்.

இரண்டு முறை அலறியது.
இரண்டு முறையும்
பாலுக்காகத் தூக்கியவர் அணைக்க மறந்திருந்தார்.
காலித் தொட்டிலுக்காக
ஊரைக் கூட்டியது இயந்திரம்.
நைரியின் மடியில் வின்னி
காம்பை விடாமல் ஒரு கண்ணை மட்டும் திறந்து
என்ன சத்தம் என்று பார்த்தாள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை
படகுகள் புறப்படவில்லை.
இறங்க வந்த விமானங்கள் திரும்பிப் போயின.
கூரைத் தகரம் இரவெல்லாம் கைதட்டியது.
மூன்று மணிக்கு எழுந்து முன்னறைக்கு வந்தாள் நைரி.
நாற்காலியில் நிமிர்ந்து விழித்திருந்தான் லாக்லன்.
அவன் தோளில் வின்னி,
வயிற்றுவலியை அழுது தீர்த்த களைப்பில்.
"எவ்வளவு நேரமாய்?"
"முக்கால் மணி."
"அணைத்தாயா அதை?"
இல்லை என்று தலையாட்டினான்.
ஆட்டிய தலை பாதியில் நின்றது.
அலறவில்லையே.

பின்னறைக்குப் போனார்கள்.
காலித் தொட்டில். இழுத்துச் செருகிய விரிப்பு.
பச்சை சிமிட்டிக்கொண்டிருந்தது
வயிறு நிறைந்த குழந்தையின் நிதானத்தில்.
காற்று வீட்டை அசைக்க
வீடு தொட்டிலை அசைக்க
தொட்டில் தட்டை அசைக்க
இருக்கிறாள் இருக்கிறாள் என்று
இல்லாதவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

நைரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
இதுவரை எத்தனை இரவு காற்றடித்தது என்று
விரல்விட்டு எண்ணத் தொடங்கி
இந்த ஊரில் அதற்கு விரல் போதாது என்று
சிரிப்போ அழுகையோ
ஏதோ ஒன்றில் நின்றாள்.

திங்கட்கிழமை செவிலி வைமாரி வந்தாள்,
நைரியைவிட ஆறு வயது இளையவள்.
எடை பார்த்தாள். தட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
குறை சொல்லவில்லை.
"மல்லாத்திப் படுக்கவையுங்கள்.
மெத்தை கெட்டியாய், மட்டமாய் இருக்கட்டும்.
தலையணை வேண்டாம், பொம்மை வேண்டாம்.
தொட்டில் உங்கள் அறைக்கு வரட்டும்.
இத்தனையும் செய்த பிறகு
இதுவும் இருந்தால் இருக்கட்டும்,
கதவுக்கு மணி கட்டியதுபோல.
மணி கதவாகாது."

பெட்டியை அவர்கள் தூக்கிப் போடவில்லை.
காற்றில்லாத இரவுகளில் போட்டுக்கொள்கிறார்கள்,
அப்படியும் சில உண்டு.
மற்ற இரவுகளில்
இருவரில் ஒருவருக்கு முழிப்புத் தட்டும்.
இருட்டில் கை நீளும்,
சூடு தட்டுப்படும் வரை,
உள்ளங்கையை ஏதோ ஒன்று மெல்லத்
தூக்கி, இறக்கி, தூக்கும் வரை.
சில சமயம் அங்கே
முன்பே வந்து காத்திருக்கும்
இன்னொரு கை.