யானை போகும் வரை

வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை.
சேரம்பாடி தாண்டி நாலாம் டிவிஷன் பள்ளி.
எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பேர்,
யுகுலேலே பதினொன்று.
ஒன்றுக்கு முறுக்காணி உடைந்து
பேனா மூடியை அடைத்து வைத்திருக்கிறான் டிலக்சன்.

நான் கணக்கு டீச்சர்.
பெட்டி வந்த அன்று கையெழுத்துப் போட்டவள் என்பதால்
இசையும் என் தலையில்.

யுகு என்றால் தெள்ளுப்பூச்சி, லேலே என்றால் துள்ளல்.
விரல் தாவும் வேகத்தைப் பார்த்து
ஹவாய்க்காரர்கள் வைத்த பெயர் என்கிறார்கள்.
"இங்க செஞ்சிருந்தா அட்டைன்னு வச்சிருப்பாங்க மிஸ்"
என்ற லோஜிதா, சாக்ஸை இறக்கி
கணுக்காலில் ஒன்றைக் காட்டினாள், ஆதாரத்துக்கு.

அப்போது ஜன்னலில் ஹெட்மாஸ்டர்,
உதட்டின் மேல் விரல்.
பலாமரத்தடியில் நிற்கிறதாம்.
யாரும் வெளியே வர வேண்டாம், சத்தம் கூடாது,
ஜீப் கிளம்பிவிட்டது.

முப்பத்தொரு பேரைச் சும்மா உட்காரவைக்க
எந்தச் சூத்திரமும் இல்லை.
வலது கையை மடியில் வையுங்கள் என்றேன், காற்றுக்குரலில்.
இடது கை மட்டும்.
மோதிர விரல், கீழ்த் தந்தி, மூன்றாம் கட்டம்: சி கார்டு.
அழுத்து. விடு. அழுத்து.
கருவி கிடைக்காத இருபது பேர்
அடிஸ்கேலில் மூன்றாம் சென்டிமீட்டரை அழுத்தினார்கள்.

மீதிக் கதையையும் அப்படியே சொன்னேன், பாதிக் குரலில்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது. மதீரா என்றொரு தீவு.
பிழைப்பு கெட்டு, கரும்புக்காட்டு வேலைக்குக் கைநாட்டு வைத்து
நானூறு சொச்சம் பேர், நாலு மாதம் கடலில்.
யாரோ கொண்டுவந்த நாலு தந்திக் குட்டிக் கிதார்தான்
இதற்குத் தாய்.
கரையில் இறங்கியதும் சந்தோஷத்தில் வாசித்தார்களாம்
என்பது என் அடுத்த வரி.

பின்வரிசையில் ஒரு கை.
"எத்தனை வருஷத்துக்கு எழுதி வாங்கினாங்க?"
இன்னொரு கை. "கங்காணி இருந்தாரா?"
"லயத்துலதான் தங்க வச்சாங்களா மிஸ்?"

பாடக்குறிப்பில் நான் எழுதியிருந்த லயம் வேறு.

தெரியாது என்றேன். கங்காணி இருந்திருப்பார்.
"குதிரை மேல" என்றான் டிலக்சன், நேரில் பார்த்தவன் போல.

"நாங்களும் கப்பல்தான்" என்றாள் நிரோஷினி.
"தலைமன்னார்ல ஏறினாங்களாம்.
பூட்டன் தையல் மெஷின் தூக்கிட்டு வந்தார்.
அதுல தந்தி கிடையாது, நூல்தான்."
யாருக்கோ சிரிப்பு வந்து
வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது.
வெளியே பலாப்பழம் பிளக்கும் சத்தம்.

கரும்பு வெட்டி முடித்த மூன்று தச்சர்கள்
அங்கேயே கடை போட்டு, அந்த ஊர் மரத்திலேயே
இதைச் செய்து விற்றார்கள் என்றேன்.
"சில்வர் ஓக் ஆகுமா மிஸ்? ஒரு மரத்துல எத்தனை வரும்?"
ஒரு மணி நேரத்தில் எனக்கு வந்த ஒரே கணக்குக் கேள்வி.
அதற்கும் விடை தெரியாது.

ஐந்து பத்துக்குப் பட்டாசு வெடித்தது. பிறகு ஹாரன்.
இப்ப தட்டலாமா என்று கேட்டுக்கொண்டே தட்டிவிட்டார்கள்.
பனிக்குத் தந்தி தளர்ந்து
பதினோரு சி, பதினோரு விதம்.
ஸ்கேல்காரர்கள் விரல்நுனியை நீட்டினார்கள்:
தலைகீழாய்ப் பதிந்த மூன்று.

ஜீப்பில் ஒருநடைக்கு ஒன்பது பேர்.
நாலாம் நடைக்கு நாலு பேரும் நானும்
இருட்டில் படியில் நின்றோம்.
"திரும்பிப் போனவங்க இருக்காங்களா மிஸ்?"
மதீராவுக்கா?
"ம்" என்றாள் நிரோஷினி,
அதற்குள் வளைவில் விளக்கு தெரிந்தது.