உப்புக்கோடு

லூசியானாவில் கடல் எங்கே முடிகிறது என்று
யாராலும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.
யுலீஸ் விரலை நீரில் நனைத்து நாக்கில் வைக்கிறான்.
"இன்னும் கொஞ்சம் மேலே"
என்று மோட்டாரை முடுக்குகிறான்.

என்னிடம் ஒரு படிவம், அதில் இரண்டு கட்டம்.
ஒன்று ராஜ கானாங்கோழிக்கு:
துருவேறிய மார்பு, நன்னீர்க் கோரை,
நெல்வயல் ஓரத்துச் சிங்கிகள்.
மற்றது கழிக் கானாங்கோழிக்கு:
அதே பறவையைச் சாம்பலில் புரட்டி எடுத்ததுபோல.
ஒற்றைக்கொடுக்கு நண்டைத் தின்னும்,
குடித்த கடலில் மிஞ்சிய உப்பை
மூக்குத் துளையால் சொட்டவிடும்.

இரண்டும் கெக் கெக் என்றுதான் கூப்பிடும்.
ராஜா, சாவி தளர்ந்த கடிகாரம்.
மற்றது, பஸ்ஸுக்கு ஓடுகிறவனின் செருப்பு.
பிரித்துக் கேட்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது.
யுலீஸுக்கு அந்தக் கவலை இல்லை.
அவன் தங்கை அஸேலியின் அடுப்பில்
இரண்டும் சேற்றுக்கோழிதான்,
இரண்டுக்கும் ஒரே கரண்டி உப்பு.

பதினொன்றாம் நிறுத்தம்.
எண்ணெய்க் கம்பெனி வெட்டிய கால்வாய்
இங்கேதான் சதுப்புக்குள் நுழைந்தது.
சைப்ரஸ் மரங்கள் நின்றபடியே செத்திருக்கின்றன.
ராஜாவின் குரலை ஒலிபெருக்கியில் விட்டேன்.
பதில் வந்தது:
நிதானமாகத் தொடங்கி
பாதியில் ஓட்டம் பிடித்தது.

பிறகு கோரையை விலக்கிக்கொண்டு அதுவே வந்தது.
மார்பில் துரு, விலாவில் சாம்பல்.
பின்னால் நான்கு குஞ்சுகள்,
ஈரமான கரித்துண்டுகள்.
குஞ்சில் எந்த இனமும் கறுப்புத்தான்,
அவற்றைக் கேட்டுப் பயனில்லை.

போன வருடம்
'இரண்டும் கலந்தது' என்று ஒரு கட்டம் கேட்டு
அலுவலகத்துக்கு எழுதினேன்.
ஏதாவது ஒன்றில் குறியிடவும்
என்று ஒரு வரி பதில்.

மூக்கு நுனியில் சொட்டுகிறதா
என்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு துளி திரண்டது. மின்னியது.
அது உப்போ, விடிகாலைப் பனியோ,
பறவை தலையை உதறிவிட்டது.

"எங்கப்பா இங்கேதான் நெல் அறுத்தார்,"
என்றான் யுலீஸ்.
படகின் அடியில் அவனுடைய நண்டுக்கூண்டுகள்
ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
பென்சிலை இரண்டு கட்டத்துக்கும் நடுவில்,
அச்சடித்த கோட்டின் மேலேயே அழுத்தினேன்.
தாள் கிழிந்தது.

அவன் மறுபடி விரலை நனைத்து
நாக்கில் வைத்தான்.
"எப்படி?" என்றேன்.
"நேற்றைக்கு..." என்று ஆரம்பித்தவன்
விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.