பதினான்காம் நாள், மாலை நான்கு

நாற்பத்தெட்டு மில்லியன் வெள்ளி என்று
வாய் கூசாமல் சொல்ல
எனக்கு ஒரு வாரம் பிடித்தது.
ஈசூன் நான்கறை வீட்டின் குளியலறையில்
கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்,
வெளியே மகன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.
இப்போது நாற்பத்தொன்று.
இதற்குப் பழக்கம் தேவைப்படவில்லை.

புக்கிட் தீமாவுக்குப் பின்னால் ஒரு மேடு.
ஜாதிக்காய் முதலாளி கட்டினான்,
கப்பல் கம்பெனிக்காரன் வாங்கினான்,
ஜப்பானியர் வாங்காமலே இருந்தார்கள்,
பிறகு டாக்டர் இராசநாயகம்.
விளம்பரத்தில் மூன்று பேரைத்தான் போட்டோம்.
வரலாற்றுச் சிறப்பு என்றால்
எவ்வளவு வரலாறு என்று ஓர் அளவு இருக்கிறது.

பாதுகாக்கப்பட்ட கட்டடம்.
இடிக்கக் கூடாது, ஓட்டின் நிறம் மாறக் கூடாது,
கறுப்புச் சட்டங்களில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும்.
கரையானுக்கு மட்டும்
யாரும் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்.
தினம் அதற்குக் கவளம் போடுவது யார் என்று
பழமொழி சொல்வதில்லை.

டாக்டருக்கு மூன்று பிள்ளைகள்.
பெர்த்தில் இருப்பவர்: பொறு, வட்டி இறங்கும்.
டொராண்டோவில் இருப்பவர்: வந்த விலைக்குத் தள்ளு.
சிராங்கூனில் இருப்பவர்
இரண்டுக்கும் ஒரே கட்டைவிரல் படத்தை அனுப்புவார்.

வந்தார்கள், வராமல் இல்லை.
ஜகார்த்தாக்காரர் படியிலேயே நின்று
அறுபது விழுக்காட்டு முத்திரை வரியைக் கணக்கிட்டார்,
பூச்சியங்கள் திரையைத் தாண்டிப் போயின.
ஃபெங்சுயி பார்ப்பவர் திசைமானியைச் சுழற்றி
கழிப்பறையின் முன் நெடுநேரம் மௌனமாக நின்றார்.
செயலி ஒன்றை விற்றுப் பணம் பார்த்த இளைஞன்
கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி அறை அறையாக நடந்தான்.
தெம்புசு மரத்தடியில்தான் இரண்டு கோடு கிடைத்தது.
மரம் நல்லா இருக்கு என்றான்.

மாதம் தவறாமல் வந்தவர் ரோஸ்லி மட்டும்.
வாங்க அல்ல, கொசு பிடிக்க.
வடிகாலில் விளக்கடித்து
ஒரு கரண்டி நீரை வெயிலில் காட்டுவார்:
பாருங்கள், நெளிகிறது.
முகவர்தான் என்று எத்தனை முறை சொல்லியும்
படிவத்தில் 'குடியிருப்பவர்' என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினார்.
திருத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
இருபத்திரண்டு மாதமாக
அந்தச் சன்னல்களைத் திறந்து மூடுவது
வேறு யார்?

மார்ச்சில் திருமதி ஹோ பெக் சூ வந்தார்.
முப்பத்தொன்பதரை.
ஒரு விழுக்காடு முன்பணம்,
பதினான்காம் நாள் மாலை நான்கு வரை தவணை.
அந்த ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான்
எங்கள் வீட்டையே வாங்கினோம்.
இரவுகளில் என் பங்கைக் கூட்டினேன்,
நிறுவனத்துக்குக் கழித்தேன்,
மகனின் பலதுறைக் கல்லூரிக் கட்டணம்,
கணவரின் பழைய வேன் கடன்.
கூட்டல் மட்டும் இனித்தது.

பதினான்காம் நாள் நல்ல மழை.
காலையில் எங்கோ பங்குச்சந்தை சரிந்ததாகச் செய்தி.
மூன்றரைக்கே போய்
பதினெட்டுச் சன்னல்களையும் திறந்துவைத்தேன்,
ஏன் என்று தெரியாது.
நான்கு ஐந்துக்கு வழக்கறிஞர் அழைத்தார்.
குடையை டாக்சியில் மறந்துவிட்டுப் போவதுபோல்
முன்பணத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார் திருமதி ஹோ.

பெர்த்: நான் அப்போதே சொன்னேன்.
டொராண்டோ: நான் அப்போதே சொன்னேன்.
சிராங்கூன்: கட்டைவிரல்.

மழை விட்டது.
நாளை முதல் முப்பத்தெட்டு என்று சொல்ல வேண்டும்.
வெறும் கூடத்தில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்,
உயரமான கூரை, நன்றாகவே கேட்டது.
வியாழக்கிழமை ரோஸ்லி வருவார்.
பாவாடை நனையாமல் இறங்கி
பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்க்கத் தொடங்கினேன்.
பதினேழு.
போன மாதம் பதினாறுதான் எண்ணியதாக ஞாபகம்.