கீழே ஒரு கையெழுத்து

பிசானம் நட வேண்டிய வயலில்
இரண்டு வருஷமாய்க் கோரை நிற்கிறது.
கன்னடியன் கால் தண்ணீர்
வரப்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு
பக்கத்து வயலுக்குப் போகிறது.
மடை திறந்தால் கோர்ட் உத்தரவை மீறியதாகும்.

நடிகர் மந்திரமூர்த்தி
முப்பத்தோரு படங்களில் செத்திருக்கிறார்.
ஒன்றில் பாடையிலிருந்து எழுந்து
பீடிக்கு நெருப்புக் கேட்பார்.
இன்னொன்றில் வக்கீலாய் வந்து
உயிலை வாசிக்க வாசிக்க
பக்கம் பக்கமாய்த் தின்பார்.
அம்பாசமுத்திரத்தில் அதைப் பார்த்த ராத்திரி
எனக்கு முறுக்கு புரையேறிவிட்டது.

நிஜமாய்ச் செத்தது சென்னையில்,
ஆஸ்பத்திரி லிஃப்ட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை.
வீரவநல்லூருக்கு உடம்பு வருமுன்னே
அரிசி ஆலைக்கு இரண்டு பூட்டு வந்துவிட்டது.
மூத்தவள் மகன் போட்டது பித்தளை.
இளையவள் தம்பி போட்டது இரும்பு.
பதினாறாம் நாளுக்குள் அதன்மேல்
அமீனாவின் அரக்கு.
வங்கியில் நாமினி அவர் தங்கை,
கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த பெயர்.
அவளையும் இருவரும் ஏசினார்கள்.
நாமினி என்பவள் பந்தி பரிமாறுகிறவள்,
இலை அவளுக்கு இல்லை என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

நான் பத்திரம் எழுதுகிறவள்.
சேரன்மாதேவி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
பத்தொன்பது வருஷம்.

அவர் போன மாசம் என்னிடம் கூட்டம்.
"மந்திரமூர்த்தி கதை ஆயிரப்படாதும்மா" என்று
சைக்கிள் கடைக் கொம்பையா வந்தார்.
அவருக்கு இருந்தது ஒரு கம்ப்ரஸர்,
கொஞ்சம் ஸ்பேனர், கடன் நோட்டு ஒன்று.
ரிட்டயர்டு டீச்சர் உலகம்மாள்
பூனையை யார் பெயருக்கு எழுதலாம் என்றாள்.
வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம்.
சாட்சி இரண்டு பேர்,
உங்களுக்குப் பிறகும் இருக்கிற வயசில்.
பங்கு வாங்குகிறவனைச் சாட்சிக்கு நிறுத்தாதீர்கள்.
வீடு இரண்டு என்றால் இரண்டையும் சொல்லிவிடுங்கள்,
சொல்லாமல் விட்டதைத்தான்
கோர்ட் ரொம்ப வருஷம் வாசிக்கும்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு.
அவரும் வந்திருந்தார்.
ஒரு வைகாசி மத்தியானம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி.
'எனது சுயநினைவோடும்
பிறர் தூண்டுதல் இன்றியும்' வரை எழுதினேன்.
"தூண்டுதல் இல்லாம எவம்மா இந்த வெயில்ல வருவான்?"
யார் யாருக்கு என்ன என்று கேட்டேன்.
எழுந்து நின்றார்.
மூத்தவள் குரலில் மூக்கைச் சிந்தினார்.
இளையவள் குரலில் அதற்குப் பதில் சொன்னார்.
மகனாய் நடந்தார், மச்சினனாய் எட்டிப் பார்த்தார்,
நடுவில் ஆலை மோட்டாராய் இருமினார்.
ஆபீஸே வாசலுக்கு வந்துவிட்டது.
சார்பதிவாளர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
நானும்தான்.
சிரிக்கிறபோது பேனாவை மூடிவிட்டேன்,
அதுதான் என் தப்பு.

புறப்படும்போது மகள் பெயர் கேட்டார்.
முப்பிடாதி என்றேன்.
"எங்க அம்மை பேருல்லா" என்று
அதே தாளின் அடியில்
'முப்பிடாதிக்கு அன்புடன்' எழுதி
மீசை வைத்த அந்தக் கையெழுத்தைப் போட்டார்.
"மிச்சத்த அடுத்த தடவ பாப்போம்."

போன வாரம் இளையவள் தம்பி வந்தான்.
மேசையில் மஞ்சள் பை.
"மேல எடம் இருக்கு, கீழ கையெழுத்து இருக்கு,
அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒயிட்னர் போட்டா..."
டீ வாங்கிக் கொடுத்து
பையையும் கையில் கொடுத்து அனுப்பினேன்.
அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

தாள் பாளையங்கோட்டையில்
மகளின் ஹாஸ்டல் சுவரில் இருக்கிறது.
என் கையால் ஒன்றரை வரி,
பிறகு ஒரு சாண் வெள்ளை,
பிறகு அவர்.
பெயர் சொல்லி ஒருத்திக்கு
அவர் எழுதி வைத்தது அது மட்டுந்தான்.
சாட்சி நான் ஒருத்தி.
செல்லாது.