மூன்று துளைகள்

பஞ்சிகாவத்தையில் பத்து மணிக்கே வெயில்
கழற்றி அடுக்கிய கதவுகளின் மேல் ஏறிக் குந்தியிருக்கிறது.
எந்த வண்டியின் எலும்பு எந்த இறாக்கையில் என்று
ருஸைக்குக்கு மட்டும் தெரியும்.
"எத்தின மீட்டர் மிஸ்?"

மூன்று.
பழைய ரேடியோ இருந்த இடத்தில் தகடு வைத்து
மூன்று துளை வெட்டியாயிற்று.
நாலாவதுக்கு இடமில்லை.
இடமில்லாதது நல்லது.

அவன் முதலில் எடுத்து வைத்தது சாய்வுமானி.
கண்ணாடிக்குள் விரல்நுனி அளவில் ஒரு ஜீப்
கல்லாப்பெட்டிக்கு முன் நிமிர்ந்து நிற்கிறது.
துவாரகன் அதை வாங்கிச் சரிக்கிறான்,
நிமிர்த்துகிறான், மறுபடி சரிக்கிறான்.
நாற்பத்திரண்டு வயது. என்ர மனுசன்.
"இது வேணும்."

வேண்டாம்.
வண்டி சரிந்தால் எனக்குத் தெரியும்.
உன் பக்கத்துக் கண்ணாடியில் பள்ளம் முழுசாய் வரும்,
நீ பேச்சை நிறுத்துவாய்.
அந்த மீட்டருக்கு வயர் தேவையில்லை.

உயரமானியும் வேண்டாம். காது அடைக்கும், போதும்.
திசைகாட்டி வேண்டாம்.
கொழும்பில் இருப்பவளுக்குக் கடல் மேற்கு,
மற்றதெல்லாம் ஏற்றம்.

போன மாசியில் மீமுரேயிலிருந்து ஏறி வந்தோம்.
கொம்பனி பூட்டி அனுப்பிய வெப்ப ஊசி
நடுக்கோட்டில், நல்ல பிள்ளையாய்.
நாலாவது வளைவில் ஹோஸ் வெடித்தது.
என்ஜின் இரைச்சலில் கேட்கவில்லை.
தண்ணீர் முழுக்கப் பாதையில் போய்ச் சேர்ந்த பிறகு
அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய நுனி
வெறும் ஆவியில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஊசி கொஞ்சம் இறங்கக்கூடச் செய்தது.
"பார், குளிருது அதுக்கும்" என்றான் இவன்.
இரண்டு பேரும் சிரித்தோம்.

ஹெட் கேஸ்கட், ஹெட், கண்டி வரைக்கும் லொறி.
இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.
அந்தச் சிரிப்பின் விலை என்று
பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே முதல் துளைக்கு
தண்ணீரை விசாரிக்காத ஊசி.
ஹெட் போல்ட்டுக்கு அடியில் வளையமாய் நெரிந்து கிடந்து
இரும்பிடமே நேராகக் கேட்கிற ஊசி.
ருஸைக் ஏணி வைத்து ஏறித் தேடி எடுத்தான்.
தூசியை ஊதினான். என் மேல் ஊதினான்.

இரண்டாவது, ஒயில் பிரஷர்.
வண்டியில் அதற்கு இருப்பது ஒரு சிவப்பு பல்ப்.
அது பற்றுவது சேதி சொல்ல அல்ல,
இழவு சொல்ல.

புதியது ஒன்று இருந்தது, நீல வெளிச்சம், பூச்சியத்தில் ஊசி.
பழைய ஜப்பான் மீட்டர் ஒன்றும் இருந்தது.
"இது சும்மா ஈக்கிற நேரமும் அஞ்சு றாத்தல் காட்டும் மிஸ்,
நான் மறைக்க மாட்டன்."
கொம்பிரசரில் இரண்டையும் மாட்டச் சொன்னேன்.
நாற்பது றாத்தலுக்குப் புதியது
ஒருமுறை முப்பத்தெட்டு என்றது, மறுமுறை நாற்பத்தாறு.
பழையது நாற்பத்தைந்து. மறுபடியும் நாற்பத்தைந்து.
பத்துக்குப் பதினைந்து.
அஞ்சைக் கழித்துக்கொள்ளத் தெரியும் எனக்கு.
பழையதைக் கட்டச் சொன்னேன்.

மூன்றாவது வோல்ட் மீட்டர்.
விலையைக் கேட்டு, அடுத்த சம்பளம் என்றேன்.
துளை அதுவரை துளையாக இருக்கட்டும்.

நான் காசு எண்ணிய இடைவெளியில்
இவன் என்ன செய்தான் என்று
த்ரீவீலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.
சட்டைப் பையிலிருந்து எடுத்து
உள்ளங்கையில் வைத்தான் அந்தக் குட்டி ஜீப்பை.
ஒன்றும் சொல்லவில்லை நான்.
மடியில் ஜப்பான் மீட்டர், என்ஜின் இல்லாமலே
அஞ்சு றாத்தல் காட்டிக்கொண்டு.

ஆமர் வீதிச் சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே விழ
த்ரீவீல்காரர் ஒடித்து வளைத்தார்.
ஒரு பக்கச் சில்லு எழும்பிற்று.
குட்டி ஜீப் முப்பதைத் தாண்டிச் சரிந்தது.
துவாரகன் பேச்சை நிறுத்தினான்.

இரண்டு மீட்டரும்
ஒத்துப்போயின.