ஓர் இரவு கரையில்

வியாழனன்று வீடு பார்க்க ஆள் வருகிறது.
முட்டிவரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு
குளத்தோரம் மண்டியிடுகிறாள் டெலித்.
மூங்கில் குச்சியை விட்டுச் சுழற்றினால்
நூல்கண்டாய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது பாசி,
யாரோ ஊறப்போட்டு மறந்துவிட்ட
பச்சை ஸ்வெட்டரின் கனத்தோடு.

பழைய காலுறைக்குள் பார்லி வைக்கோல் திணித்துப்
போன மாதமே மிதக்கவிட்டாள்.
மக்கவே இரண்டு மாதம் ஆகும் என்றான் கடைக்காரன்.
இதை வங்கியிடம் சொல்ல முடியுமா?

குற்றவாளி யாரென்று அவளுக்குத் தெரியும்.
விற்பனைப் படத்தில் புல் பளிச்சென்று தெரிய
இரண்டு பங்கு உரம் தூவியது அவள்தான்.
சரிவைக் கண்டால்
வேல்ஸ் மழை சும்மா இருக்குமா?

அள்ளியதை அன்றே பையில் கட்டிவிடக் கூடாது.
ஓர் இரவு கரையிலேயே கிடக்க வேண்டும்,
சிக்கியதெல்லாம் வீடு திரும்ப.

பதினோரு மணிக்கு டார்ச் அடிக்கிறாள்.
குவியலிலிருந்து ஒரு நத்தை.
இறக்கை முளைக்காத தட்டான் ஒன்று.
வெகுநேரம் கழித்து
ஆரஞ்சு வயிற்றோடு ஒரு நீர்ப்பல்லி,
ஈரப்புல்லில் நின்று, யோசித்து, நின்று,
தொப்.

காலையில் முகவருக்குப் போன் போடுகிறாள்:
"வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்கள்.
இங்கே இன்னும்
ஆட்கள் இறங்கி முடியவில்லை."