கீழ்ப்படி

வாடகை வண்டிக்குக் கீழ்ப்படி இல்லை.
எங்கோ கல்லில் அடித்து உடைந்ததாம்.
அதனால் கிளீனர் அண்ணன்
அக்குளில் கைகொடுத்து
ஒவ்வொருவராய்த் தூக்கி ஏற்றினார்,
முதுகுளத்தூர்ப் பக்கத்து எங்கள் பள்ளி வாசலில்,
விடிந்தும் விடியாமலும்.
நான் எண்ணினேன். நாற்பத்தொன்று.
சரியாக இருந்தது.

சிக்கல் தாண்டியதும் உப்பளம்.
"பனியா டீச்சர்?" என்றான் ஹரிசுதன்.
கடல் உள்ள மாவட்டத்தில் பிறந்து
கடலைப் பார்க்காத பிள்ளைகள்.
கருவேலங்காட்டுக்கு மேல் நீலமாய் ஒரு கோடு தெரிய
வண்டியே ஒரு பக்கம் சாய்ந்தது.

வாலிநோக்கம் கரையில்
கடலோரக் காவலர் ஃபெலிசிட்டா
தொப்பியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுத் தொடங்கினார்.
உயிர்காப்பு உடுப்பின் வார்களை எப்படிப் பூட்டுவது.
கரை ஒதுங்கிய சொறியை ஏன் மிதிக்கக் கூடாது:
செத்த பிறகும் சுடும்.
நீரோட்டம் உள்ளே இழுத்தால்
கரையைப் பார்த்து முட்டி மோதாதே,
பக்கவாட்டில் போ.

பிறகு குரலைத் தணிக்காமல்
உடம்பைப் பற்றிச் சொன்னார்.
(நான் அதைக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு
வேகமாக முடித்துவிடுவேன்.)
"சட்டைக்குள்ள இருக்கிறது உன்னோடது.
வெளியே தெரியிற கையும் காலும் உன்னோடதுதான்.
பிடிக்கலைன்னா சொல்லு.
மாமாவா இருந்தாலும். சாரா இருந்தாலும்.
காக்கி போட்ட நானா இருந்தாலும்."

உதவிக்கு எண்: பத்து, ஒன்பது, எட்டு.
பின்வரிசைப் பையன்கள் அங்கே நிறுத்தவில்லை.
ஏழு, ஆறு என்று இறங்கி
பூச்சியத்தில் மணலைக் கிளப்பிக்கொண்டு
நிலாவுக்குப் புறப்பட்டார்கள்.
பிடித்து உட்காரவைக்கப் பத்து நிமிடம்.

"எல்லாரும் கத்துங்க: வேண்டாம்!"
முதல் தடவை காற்று தின்றுவிட்டது.
இரண்டாம் தடவை
எங்களை நோக்கி வந்த குச்சி ஐஸ்காரர்
சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.
ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லி
நாற்பத்தொரு ஐஸ் வாங்க வேண்டியதாயிற்று.

முத்துராக்கு மட்டும் கத்தவில்லை.
நான்காம் வகுப்பு. எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள்.
"வாயைத் திற" என்று அதட்டப் போனேன்,
ஃபெலிசிட்டா கண்ணால் தடுத்தார்.
ஐஸ் உருகி அவள் மணிக்கட்டில் ஒழுக,
சங்கு ஒன்றை எடுத்து
உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.
இருந்திருக்க வேண்டும்.
எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

சாயங்காலம் மறுபடி வரிசை.
பதினாறு பேர் ஏறியாயிற்று.
பதினேழாவது அவள்.
குனிந்து நீண்ட கைகளுக்கு முன்
ஓர் அடி பின்னால் போய்,
"தூக்க வேண்டாம். நானே ஏறிக்கிறேன்."
கத்தவில்லை.
கடல் இரைந்துகொண்டிருந்தது;
இருந்தும் எல்லோருக்கும் கேட்டது.

"உயரம் பாப்பா" என்று சிரித்தார் கிளீனர் அண்ணன்.
அவள் சிரிக்கவில்லை.
கம்பியைப் பிடித்து, முட்டியை ஊன்றி,
பாவாடையில் கிரீஸ் அப்ப ஏறினாள்.
முட்டியில் தோல் உரிந்தது.

அவர் நல்லவர். அப்படித்தான் நினைக்கிறேன்.
தெரியாது.
காலையில் அவர் கை எங்கே இருந்தது என்று
யாராவது என்னைக் கேட்டால்
நாற்பத்தொன்று என்றுதான் சொல்வேன்.

கொஞ்ச நேரம் நின்றவர்
படகுப் பக்கம் போய்
செதில் ஒட்டிய நீலப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து
கவிழ்த்துப் போட்டார். ஒன்றும் பேசாமல் தள்ளி நின்றார்.
மிச்சப் பேர் அதில் கால்வைத்து ஏறினார்கள்,
ஹரிசுதன் இரண்டு முறை.

வண்டி முழுக்க மீன் வாடை.
முத்துராக்கு பக்கத்தில் உட்கார்ந்து
கைக்குட்டையை நனைத்து நீட்டினேன்.
நானாகத் துடைக்கவில்லை.
வகுப்புச் சுவரில் என் கையெழுத்தில்
ஒரு வரி இருக்கிறது:
பெரியோர்க்குக் கீழ்ப்படி.
அதைப் பார்த்து எழுதித்தான்
இவள் கையெழுத்து அழகானது.

"எரியுதா?"
"கொஞ்சம்."
உப்பளம் இருட்டிலும் வெளுப்பாய்ப் பின்னால் போனது.
அதற்கு மேல் அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
சிக்கல் தாண்டி,
எல்லோரும் தூங்கிய பிறகு,
"டீச்சர்" என்றாள்.